தோற்றுப்போனவன் எழுதுவது

அன்பு நண்பா,

வலது கண்ணில் புரை நீக்கியாகிவிட்டது. இரண்டு வாரம் குனியக் கூடாது, தலைக்கு ஊற்றக் கூடாது, கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது. செய்தித்தாள் இல்லாமல் நான் படும் பாட்டைப் பார்த்துப் பேத்தி தன் ஹெட்போனை என் காதில் மாட்டிவிட்டாள். இந்தக் கடிதமும் அவள் கையெழுத்துதான். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள்.

எந்தப் பாடகர் உசத்தி என்று திருச்சி விடுதியில் நாம் போட்ட சண்டை நினைவிருக்கிறதா? நீ பி.பி. ஸ்ரீனிவாஸ் கட்சி, நான் டி.எம்.எஸ். கட்சி. "உன் ஆள் காய்ச்சல்காரன் மாதிரி முனகுகிறார்" என்று சீண்டுவேன். நீ வாயே திறக்காமல் இலங்கை வானொலியைத் திருகிக்கொண்டிருப்பாய். அந்த டிரான்சிஸ்டரில் டி.எம்.எஸ். இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்துவிடுவார். ஸ்ரீனிவாஸின் குரலில் பாதியை இரைச்சல் தின்றுவிடும். மீதிப் பாதியைக் கேட்டுத்தான் இத்தனை வருடம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று 'காலங்களில் அவள் வசந்தம்' கேட்டேன். 1961இல் வந்த பாட்டு. வாத்தியக்காரர்களும் பாடகரும் ஒன்றாக இருந்து பதிவு செய்த காலம். ஒருவர் பிசகினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பதற்றத்தின் சாயல்கூட அவர் குரலில் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற அளவுக்குமேல் எங்கும் ஒலி ஏறவில்லை. கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்று பாடிய நாடக மேடைப் பரம்பரைக்கு நடுவில், இவர் மைக்கை நம்பிப் பாடியிருக்கிறார். காக்கிநாடாக்காரர், தாய்மொழி தெலுங்கு. ஆனால் 'மார்கழி'யில் அந்த ழகரம் எவ்வளவு சுத்தமாக விழுகிறது! நம்மூர்ப் பிள்ளைகள் கேட்க வேண்டும்.

அடுத்து 'பொன் ஒன்று கண்டேன்'. இதில்தான் நான் கவிழ்ந்தேன். சிவாஜிக்கு டி.எம்.எஸ்., பாலாஜிக்கு ஸ்ரீனிவாஸ். என் சிங்கம் இதில் கர்ஜிக்கவே இல்லை, கவனித்திருக்கிறாயா? பக்கத்து ஆளின் மென்மைக்குத் தக்கபடி தன் குரலை இறக்கிக்கொண்டு பாடுகிறார். பலம் யாரிடம் இருந்தது என்று யோசித்துக்கொண்டே திரும்பத் திரும்பக் கேட்டேன். உச்சஸ்தாயிக்கு இன்றும் டி.எம்.எஸ்.தான், அதில் மட்டும் என்னை அசைக்க முடியாது.

வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையைவிட்டே போய்விட இருந்த கவிஞர் வாலி, ஸ்ரீனிவாஸ் 'மயக்கமா கலக்கமா'வைத் தன் அறைக்கு வந்து பாடிக்காட்டியதால் தங்கிவிட்டதாகப் பலமுறை சொல்லியிருக்கிறார். நானாக இருந்தாலும் பெட்டியை அவிழ்த்திருப்பேன். இந்தக் குரல் ஆறுதல் சொல்கிறது, அறிவுரை சொல்வதில்லை.

ஒரு வருத்தம். சென்னை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டலில், சட்டைப் பை நிறையப் பேனாக்களோடு அவர் எழுதிக்கொண்டிருந்ததை இரண்டு முறை பார்த்திருக்கிறேன். கட்சி மானம் தடுத்தது, பக்கத்தில் போகவில்லை. 2008இல் அந்த இடம் மூடப்பட்டது, 2013இல் அவரும் போய்விட்டார்.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தங்கச்சிக்கு என் விசாரிப்பைச் சொல். பரணை ஒழித்தபோது, உன் கையெழுத்தில் 'பி.பி.எஸ். - தொடாதே' என்று எழுதிய கேசட் ஒன்று கிடைத்தது. அது எப்படி என் வீட்டுக்கு வந்தது என்று மட்டும் கேட்காதே. தை மாதம் நீ வரும்போது தருகிறேன்.

உன் பழைய எதிர்க்கட்சி