திட்டிக்கொண்டே கட்டுப் போட்ட டிரஸ்ஸர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஏழு பழைய கணினிகள். எல்லாவற்றிலும் லினக்ஸ், லிப்ரே ஆபிஸ்; மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்று திறந்து வைத்த மென்பொருள்கள். எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளைகள் மாலையில் வந்து படிக்கிறார்கள். போன மாதம் உதவ வந்த தம்பி ஒருவர், வைஃபையை இயக்க வேண்டிய டிரைவர் என்னும் சிறு நிரல், மூலநிரல் திறக்கப்படாதது என்று போட மறுத்துவிட்டார். கொள்கையாம். பிள்ளைகள் கைப்பேசியை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

கொள்கையை நான் குறைசொல்லவில்லை. 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற மென்பொருளுக்கான க்னூ திட்டத்தை அறிவித்தது கொள்கைப் பிடிவாதத்தால்தான். ஆனால் அவர் வகுத்த முதல் சுதந்திரமே (பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறார்கள்!) எந்த நோக்கத்துக்கும் நிரலை இயக்கலாம் என்பது. இதை மறந்தால் என்ன ஆகும்? 2022 மார்ச்சில் நோட்-ஐபிசி என்ற திறந்த நிரல்தொகுப்பைப் பராமரித்தவரே, ரஷ்யா, பெலாரஸ் நாட்டுக் கணினிகளில் கோப்புகளை அழிக்கும் வரிகளை அதில் நுழைத்தார். போரை எதிர்த்தாராம். நானும்தான் எதிர்க்கிறேன். கோப்பை இழந்தவனா போரைத் தொடங்கினான்?

நான் கிராணியாக, அதாவது தோட்டத்து எழுத்தராக, இருந்தபோது காயத்துக்கு மருந்து போடும் எங்கள் டிரஸ்ஸர் தீவிரத் தொழிற்சங்கக்காரர். வேலைநிறுத்தத்தில் சேராமல் ரப்பர் பால் வெட்டப்போய்க் காலைக் கிழித்துக்கொண்டவருக்கும் அவர்தான் கட்டுப் போட்டார். திட்டிக்கொண்டே போட்டார், அது வேறு.

தம்பி மறுபடி வரட்டும். மூடிய டிரைவர் ஆகாதென்றால், திறந்த டிரைவரில் ஓடும் வைஃபை யூஎஸ்பி ஒன்று வாங்கி வரட்டும். பாதிக் காசு நான் தருகிறேன்.

ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
சுங்கை சிப்புட், பேராக்