வில்லி வாங்கிய வங்கி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். வாட்ஸ்அப்பில் கூப்பிட்டால் பத்து நிமிஷத்தில் "மீட்டிங் இருக்கும்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். ஜப்பானில் சப்போரோவுக்கு வந்து சேர எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை, அவசரச் சமாச்சாரம் எதுவும் இதில் இல்லை.

ஜனவரியில் வந்திருந்தபோது, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு ஜப்பானியக் கதையைப் படித்துப் படித்துத் தமிழில் சொன்னாயே, அது இன்னும் மண்டைக்குள் ஓடுகிறது. "வில்லியாக மறுபிறவி எடுத்தவள்" என்று நீ ஆரம்பித்ததும் நான் சீரியல் வில்லியைத்தான் நினைத்தேன். பெரிய பொட்டு, பட்டுப்புடவை, பாலில் எதையாவது கலந்து கொடுப்பாள் என்று. இவள் அந்த ரகம் இல்லை. போன ஜென்மத்தில் தான் விளையாடிய கேமுக்குள்ளேயே பணக்கார வீட்டுப் பெண்ணாகப் பிறக்கிறாள். கடைசியில் ஊர் பார்க்க அவமானப்பட்டு, வீடும் திவாலாகும் என்பது அவளுக்கு முன்னமே தெரியும். நிஜ ஜப்பானில் 1947-ல் ஒழித்துவிட்ட பிரபு வம்சங்கள் அந்தக் கதையில் ஜம்மென்று இருக்கின்றன. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று அரைத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். மூழ்கப் போகிற வங்கியை அவள் வாங்குகிறாள் என்றாய். முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் உட்கார்ந்தவள் இல்லையா, தூக்கம் போய்விட்டது.

அதற்கப்புறம் அந்த வங்கியைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். நீ இருக்கிற ஊர் வங்கிதானே அது! ஹொக்கைடோ தகுஷோகு வங்கி. 1900-ல், வடக்குத் தீவான ஹொக்கைடோவில் காடு திருத்திக் குடியேறியவர்களுக்குக் கடன் கொடுக்க அரசாங்கமே ஆரம்பித்தது. நிலம் விலை ஏறிக்கொண்டே போன எண்பதுகளின் கடைசியில், விவசாயிக்குக் கொடுத்துப் பழகிய கை ரிசார்ட்டுக்கு அள்ளிக் கொடுத்தது. டோயா ஏரிக்கு மேலே மலை உச்சியில் ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறதே, அது இந்த வங்கி கடன் கொடுத்துக் கட்டியதுதான். 2008-ல் ஜி8 மாநாடு அங்கேதான் நடந்தது, நம் மன்மோகன் சிங்கும் போயிருந்தார். கடன் கொடுத்த வங்கி அதற்குப் பதினோரு வருஷம் முன்னாலேயே போய்விட்டது.

போன விதத்தைக் கேள். 1997 நவம்பர் 3-ம் தேதி சான்யோ என்ற பங்குத் தரகு நிறுவனம் கையை விரித்தது. வங்கிகள் ஒன்றுக்கொன்று ஒரு ராத்திரிக்குக் கைமாற்று கொடுத்துக்கொள்ளும் சந்தையில் அது வாங்கிய பணம் திரும்பி வரவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அந்தச் சந்தையில் அப்படி நடந்ததே இல்லையாம். அதுவரை ஜாமீன் கேட்காமல் கொடுத்தவர்கள் எல்லாரும் மறுநாளிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே நொண்டிக்கொண்டிருந்த தகுஷோகு வங்கிக்குக் கைமாற்று கிடைக்கவில்லை. 17-ம் தேதி திங்கட்கிழமை கதை முடிந்தது. வாங்கிக்கொண்டது அதைவிடச் சின்னதான ஹொகுயோ வங்கி. நல்ல கடன்கள் அதற்கு. வராக்கடன்கள் டெபாசிட் காப்பீட்டுக் கழகத்தின் தலையில். உன் கதையில் எனக்கு ஒட்டாத இடம் இதுதான். வங்கியை வாங்குவது பெரிசில்லை, வராக்கடனை யார் சுமப்பது என்பதில்தான் தூக்கம் கெடும். அந்தப் பெண் நன்றாகவே தூங்குகிறாள்!

அடுத்த வாரமே யமாயிச்சி. நூறாவது வருஷத்தில் இருந்த தரகு நிறுவனம். அதன் தலைவர் பத்திரிகைக்காரர்கள் முன்னால் எழுந்து நின்று, தப்பு எங்களுடையது, ஊழியர்கள் மேல் தப்பில்லை என்று தேம்பி அழுதது அன்றைக்கு உலகம் முழுக்க வந்தது. அவர்கள் நஷ்டத்தை ஒளித்த முறைக்கு ஜப்பானிய மொழியில் 'தொபாஷி' என்று பெயராமே, பறக்கவிடுவது என்று அர்த்தம் சொன்னாய். கணக்கு முடிக்கிற தேதி வரும்போது நஷ்டத்தை வேறு பெயரில் இருக்கிற கம்பெனிக்குத் தள்ளிவிடுவது. ஆடிட்டர் வருகிற நாளில் குறைகிற பணத்துக்குப் பக்கத்துக் கடையில் கைமாற்று வாங்கிப் பெட்டியில் வைப்பது மாதிரி. 260 பில்லியன் யென் அளவுக்கு அப்படிப் பறந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. 1991-ல் நம் ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை இங்கிலாந்து வங்கியிடமும் ஜப்பான் வங்கியிடமும் அடகு வைத்தது. அப்போது எங்கள் கிளையில் ஆளாளுக்கு முகம் தொங்கிப்போய் இருந்தோம். ஆறே வருஷத்தில், அடகு பிடித்தவர் வீட்டிலேயே இப்படி.

சரி, இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கதையில் பெரிய அதிசயம் அவளுக்கு வருங்காலம் தெரிவது என்று நீ சொன்னாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பறக்கவிட்டவர்களுக்குத் தெரியாதா, இது ஒருநாள் கீழே விழும் என்று? தெரிந்தவள் பேச்சை நாலு பேர் கேட்டு நடக்கிறார்களே, அதுதான் அதிசயம். தொண்ணூறுகளில் படித்து முடித்து வேலை கிடைக்காமல் போன தலைமுறையை அங்கே பனியுகத் தலைமுறை என்கிறார்கள் என்றாயே, அவர்கள் இந்தக் கதையை ஏன் விரும்ப மாட்டார்கள்? யாராவது ஒருத்தி பணத்தோடு வந்து நிறுத்தியிருக்கக் கூடாதா என்ற ஏக்கம்தானே அது.

நம் ஊரிலும் அந்தச் சமயத்தில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி 24 சதவீதம் வட்டி கொடுத்தது. அப்பா போடலாம் என்றார், நான் ஒரு பைசா கூடாது என்று நின்றேன். உன் ஆச்சி ஆறு மாசம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வீட்டில் அன்றைக்கு நான்தான் வில்லி. அது உனக்குத் தெரியும், அப்பா சொல்லிச் சிரிப்பார்.

தெரியாதது ஒன்று இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என் கவுண்டருக்கே வந்தாள். தவணை முடியாத டெபாசிட்டை உடைத்திருந்தாள், நாற்பதாயிரம். பின்னால் எட்டுப் பேர் வரிசையில். "எங்கே போடப் போறீங்கக்கா?" என்று கேட்டேன். அவள் சிரித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. நோட்டை இரண்டு தடவை எண்ணினேன், ரப்பர் பேண்ட் போட்டேன், தள்ளினேன். வீட்டில் அவ்வளவு சண்டை போட்ட வாய்க்கு அங்கே ஒரு வார்த்தை வரவில்லை. இன்னொருத்தர் பணம், நமக்கெதற்கு என்று தோன்றியது. ஒன்றரை வருஷத்தில் அந்தக் கம்பெனி வாசலில் பூட்டு. அக்கா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

உன் வாடகை வீட்டுக்குச் சொந்தக்காரப் பாட்டி தகுஷோகு வங்கியின் பழைய பாஸ்புக்கை இன்னும் வைத்திருக்கிறாள் என்று சொன்னாயே. டீ குடிக்கக் கூப்பிடும்போது எனக்காக ஒன்று கேட்டுச் சொல். அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னால், கவுண்டரில் இருந்த யாராவது அவளிடம் ஏதாவது சொன்னார்களா?

கதையின் அடுத்த பாகம் வந்ததா? வந்தால் நீ மட்டும் படித்துவிடாதே.

அன்புடன்,
அம்மா