மானிட்டரில் ஒட்டியிருந்த சீட்டுகளுக்கு நன்றி

நம் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நாம் ‘ஸ்டாஃப் சைட்’ என்று சொல்லும் உள் இணையதளம் புது வடிவத்துக்கு வந்துவிட்டது. சீரமைப்புக் குழு என்று எங்கள் நான்கு பேரின் பெயர்தான் அதில் இருக்கிறது. ஆனால் வேலையின் பெரும்பகுதி உங்களுடையது. அதை எல்லோரும் அறியச் சொல்லவேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் நாங்கள் ஒரு கேள்வித்தாள் கொடுத்தோம். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லியும் ‘நன்றாக இருக்கிறது’, ‘குறை ஒன்றும் இல்லை’ என்றே பதில்கள் வந்தன. எனக்கு அப்போது மனசு விட்டுப்போயிற்று. அந்த நேரத்தில் இஷ்யூ கவுன்ட்டரில் இருக்கும் தங்கை ஒருத்தி வந்து, “மேடம், பேப்பரில் எழுதிக் கொடுத்ததை விடுங்க. எங்க மானிட்டரைச் சுத்தி ஒட்டியிருக்கிற சீட்டுகளை வந்து பாருங்க” என்றாள். போய்ப் பார்த்தோம். ஒவ்வொரு பிரிவின் இன்டர்காம் எண், நூலக மென்பொருளான கோஹாவில் கடவுச்சொல் மறந்தால் என்ன செய்வது, அபராதக் கணக்கு, எந்த விடுமுறை நாளில் நூலகம் திறந்திருக்கும் என்று எல்லாமே கைப்பட எழுதி ஒட்டியிருந்தது. இவை அத்தனையும் பழைய சைட்டிலும் இருந்தன. தேடி எடுக்கத்தான் முடியவில்லை. அந்தத் தங்கைக்கு முதல் நன்றி. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நிறத்தை மாற்றி, படத்தை மாற்றி, அதே சைட்டைத் திரும்பக் கொடுத்திருப்போம்.

அப்புறம் வந்தது அட்டை வேலை. பட்டியல் கணினிக்குப் போனபிறகு ஸ்டோர் ரூமில் கிடந்த பழைய கேட்லாக் அட்டைகளை எடுத்துக் கொடுத்தது பகுப்புப் பிரிவு. ஏழரை சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டரை, கீழே கம்பி கோக்கும் ஓட்டை, பின்பக்கம் வெறுமை. ஒரு அட்டைக்கு ஒரு வேலை என்று எழுதி, ‘சேர்ந்தது எதுவோ அதைச் சேர்த்து வையுங்கள்’ என்று உங்களிடம் கொடுத்தோம். பழைய சைட்டில் நிர்வாகம், கொள்முதல், தொழில்நுட்பம் என்று பிரிவுவாரியாக அடுக்கியிருந்தோம். நீங்கள் யாருமே அப்படி அடுக்கவில்லை. ‘காலையில் திறக்கும்போது’, ‘வாசகர் வந்து கேட்டால்’, ‘எனக்கு லீவு வேண்டுமென்றால்’ என்று வேலையை வைத்தே சேர்த்தீர்கள். இப்போது முகப்பில் இருக்கும் தலைப்புகள் உங்கள் வார்த்தைகளேதான். விடுப்புப் படிவத்தை ‘மனிதவள மேலாண்மை’க்குள் வைத்தது எங்கள் தவறு.

பைண்டிங் பிரிவு அண்ணனைத் தனியாகச் சொல்லவேண்டும். ஒரு புத்தகம் கிழிந்து வந்தால் பைண்டிங் சீட்டு ஓரிடத்தில், கணினியில் அதன் நிலையை மாற்றுவது வேறிடத்தில், பில் மூன்றாவது இடத்தில் என்று இருந்தது. அண்ணன் அந்த மூன்று அட்டைகளையும் நூலால் கட்டி, மேலே ‘புத்தகம் கிழிஞ்சா’ என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். இத்தனை வருஷத்தில் தன்னிடம் யாரும் கருத்து கேட்டதில்லை என்று பிறகு சொன்னார். அந்தக் கட்டு அப்படியே ஒரு பக்கமாகிவிட்டது.

1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் நூலகராகச் சேர்ந்த ரங்கநாதன், 1931இல் எழுதிவைத்த நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. நாம் எல்லோரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். ஊழியர் ஒரு படிவத்தைத் தேடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் கவுன்ட்டருக்கு வெளியே நிற்கும் மாணவனின் நேரம் என்பது, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மாலை ஷிஃப்டுக்காரர்கள், வேலை முடிந்தபிறகும் உட்கார்ந்து, காகிதத்தில் வரைந்த புது சைட்டின் மாதிரியில் ‘இதை எங்கே தேடுவீர்கள்’ என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொன்னீர்கள். ஒரு சுற்றுச் சோதனைக்கு ஐந்து பேர் போதும், பெரும்பாலான சிக்கல்கள் தெரிந்துவிடும் என்று இணையதளப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000இல் எழுதியிருக்கிறார். நம் முதல் சுற்றிலேயே மூன்று தலைப்புகளை மாற்றவேண்டி வந்தது. வீட்டில் காத்திருந்தவர்களுக்கும் சேர்த்து நன்றி.

தட்டச்சுப் பிரிவு அக்காமார் இருவர் செய்தது வெளியே தெரியாத வேலை. 2010இலேயே தமிழக அரசு, எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடை ஏற்றுக்கொண்டது. நம் படிவங்கள் மட்டும் பழைய எழுத்துருவிலேயே கிடந்தன. புதுக் கணினியில் திறந்தால் கட்டம் கட்டமாக வரும், தேடினால் ஒரு சொல்லும் சிக்காது. அத்தனையையும் உட்கார்ந்து திரும்ப அடித்துக் கொடுத்தார்கள். இன்று ‘விடுப்பு’ என்று தேடினாலும் படிவம் வருகிறது, ‘லீவு’ என்று தேடினாலும் வருகிறது.

நீங்கள் கேட்டதில் இரண்டு இன்னும் பாக்கி. வளாகத்துக்கு வெளியே இருந்து கைபேசியில் திறப்பதற்குக் கணினி மையத்தின் அனுமதி வேண்டும், கேட்டிருக்கிறோம். புத்தக இருப்பைச் சரிபார்க்கும் ஸ்டாக் வெரிஃபிகேஷன் பக்கம் பாதிதான் முடிந்திருக்கிறது.

மானிட்டரில் புதிதாகச் சீட்டு ஒட்டவேண்டி வந்தால் தயவுசெய்து கிழித்துவிடாதீர்கள். வெள்ளிக்கிழமை மதியம் நானே ஒரு சுற்று வந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
சீரமைப்புக் குழுவுக்காக, உங்கள் உதவி நூலகர்