இருபது மேசை போதும் மாப்ளே

அன்புள்ள மாப்ளே,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் சுகம். பொங்கல் கழிந்து பாளையங்கோட்டையில் உள்ளூர்க் கைவினைக்காரர்களுக்கு மாதச் சந்தை போடப்போகிறாய் என்பது நல்ல சேதிதான். ஆனால் அறுபது மேசை என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் உறுத்துகிறது. இருபதில் தொடங்கு. அறுபது போட்டால் அத்தனைக்கும் செய்கிற ஆள் கிடைக்காது. காலி மேசையை நிரப்ப மொத்தக் கடையில் வாங்கி விற்கிறவன் உள்ளே வந்துவிடுவான். அவன் கம்மலை 50 ரூபாய்க்குக் கொடுத்தால், பக்கத்தில் சுடுமண் கம்மல் செய்து 180 என்று வைத்திருப்பவள் அடுத்த மாதம் வரமாட்டாள். சந்தை படுப்பது பெரும்பாலும் இப்படித்தான், மழையால் இல்லை.

அதனால் மேசை கேட்டு வருகிறவரிடம் முடிந்த பொருளின் போட்டோவை வாங்காதே. பாதி முடிந்த ஒன்றைக் கொண்டுவரச் சொல். பத்தமடைப் பாய் என்றால் தறியில் இருக்கிற பாயைக் காட்டட்டும், ஓலைப்பெட்டி என்றால் உன் முன்னால் ரெண்டு வரிசை பின்னட்டும். வாங்கி விற்கிறவன் அதற்குப் பிறகு போனை எடுக்கமாட்டான். செய்தவரோ அவர் வீட்டு ஆளோதான் மேசையில் இருக்க வேண்டும் என்பதையும் எழுதியே வாங்கிக்கொள். ஒரே பொருளுக்கு ரெண்டு மேசைக்கு மேல் வேண்டாம். சோப்பு செய்கிறவர்கள்தான் எப்போதும் அதிகமாக வருவார்கள். உடம்புக்குப் போடுகிற சோப்புக்கும் க்ரீமுக்கும் அழகுசாதன உரிமம் வேண்டும். வீட்டில் செய்தது என்றாலும் விலக்கு கிடையாது. தின்பண்டம், ஊறுகாய், எண்ணெய்க்கெல்லாம் உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், 14 இலக்கம், அட்டையில் தெரிய வேண்டும். சின்னத் தயாரிப்பாளருக்கு ஆண்டுக்கு நூறு ரூபாய்க் கட்டணம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்.

அடைத்து விற்கிற எதிலும் எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி இருக்கணும். எலக்ட்ரானிக் தராசு என்றால் வருடா வருடம் முத்திரை வைத்திருக்க வேண்டும். எண்ணெயில்தான் தகராறு வரும். ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 915 கிராம்தான் நிற்கும். லிட்டர் விலையை எழுதிவிட்டுக் கிலோக் கணக்கில் நிறுத்தினாலும், கிலோ விலையை எழுதிவிட்டு லிட்டர் பாட்டிலில் ஊற்றினாலும் யாராவது ஒருத்தர் ஏமாந்த மாதிரி ஆகும். மேசையில் ஏதாவது ஒரு கணக்கு மட்டும் இருக்கட்டும். கருப்பட்டியை உடைத்துப் பார். உள்ளே சீனி மாதிரி மின்னினால் கலப்படம் என்று சந்தேகப்படு. தை மாதத்தில் கிடைப்பது போன சீசன் சரக்கு, புதுசு பங்குனி வாக்கில்தான் வர ஆரம்பிக்கும். அதை மறைக்காமல் எழுதி வைத்தால் வாங்குகிறவர் முகம் சுளிக்கமாட்டார். தூறல் விழுந்தால் முதலில் மூட வேண்டியதும் அதுதான், ஈரத்தை இழுத்துக் கசிந்துவிடும்.

இனி தெரு. நீ சொல்கிற ரோடு 30 அடி என்று வைத்துக்கொள். ரெண்டு பக்கமும் மேசைக்கு இரண்டரை அடி, பின்னால் விற்பவர் உட்கார மூன்றடி. அதிலேயே 11 அடி போய்விடும். மேசைக்கு முன்னால் நின்று பார்க்கிற கூட்டத்துக்கு இரு பக்கமும் மும்மூன்று அடி. மிச்சம் 13 அடி, ஏறக்குறைய நாலு மீட்டர். ஆம்புலன்ஸ் போக அது போதும், ஆனால் அந்த நடுவழியில் ஒரு கோலிக்குண்டு கூட உருளக்கூடாது. இருபதடி ரோடு என்றால் ஒரு பக்கம் மட்டும்தான். காருக்குறிச்சிப் பானைகளுக்கு மேசை கொடுக்காதே, தரையில் வைக்கோல் பரப்பிக் கொடு. உயரத்தில் வைத்த பானையை இடித்துவிட்டு யார் காசு கொடுப்பது என்று நிற்பார்கள். சுடச்சுடப் போடுகிற பண்டத்தை வாசலில் வைக்காதே. கூட்டம் அங்கேயே நின்றுவிடும், உள்ளே இருப்பவன் ஈ ஓட்டுவான். தெருவின் கடைசியில் வை, வாசனை இழுத்துக்கொண்டு போகட்டும்.

சாயங்காலம் 4 முதல் 8 வரை என்றால் வடக்கு தெற்காக ஓடுகிற தெரு நல்லது. மேற்குப் பக்கக் கட்டிடங்களின் நிழல் விழும். மெழுகு, சோப்பு, எண்ணெய்க்கு அந்த மேற்கு வரிசையைக் கொடு. விளக்குக்கு மேசைக்கு ரெண்டு 9 வாட் எல்இடி. இருபது மேசைக்கும் 360 வாட்தான், ஒரு வீட்டு லைன் தாங்கும். ஆனால் யாராவது ஒரு இண்டக்ஷன் அடுப்பைச் சொருகினால் அது தனியாகவே 2000 வாட் இழுக்கும், மொத்தத் தெருவும் இருட்டாகும். முதலிலேயே கூடாது என்று சொல்லிவிடு. தரையில் ஓடுகிற வயருக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற சுவிட்ச், போடாமல் ஆரம்பிக்காதே.

தையில் பெரிய காற்று இருக்காது. ஆனால் மாதாமாதம் என்கிறாய். ஆனி ஆடியில் மேற்கே இருந்து வருகிற காற்று பத்தடிக் கூடாரத்தைத் தூக்கி எதிர் வீட்டு மாடியில் வைத்துவிடும். ரோட்டில் முளை அடிக்க முடியாது. ஒவ்வொரு காலிலும் தண்ணீர் நிறைந்த 20 லிட்டர் கேன் ஒன்றைக் கயிற்றால் இறுக்கக் கட்டு, காலுக்கு 20 கிலோ ஆச்சு. மறுநாள் குடிக்கலாம். கயிறு தொய்வாக இருந்தால் கேன் தரையிலேயே இருக்கும், கூடாரம் மட்டும் போகும், பார்த்துக்கொள்.

மாநகராட்சிக்கும் போலீஸுக்கும் மூன்று வாரம் முன்னாலேயே மனு கொடு. ரெண்டு நகல் எடுத்துப் போய் ஒன்றில் சீல் வாங்கி வை. அந்தத் தெருவில் தினமும் பூவும் அவித்த கடலையும் விற்கிற ஆட்களை நகர்த்தாதே. 2014 தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களுக்காகத்தான் வந்தது. சட்டம் கிடக்கட்டும், நாலு மணி நேரக் கொண்டாட்டத்துக்கு அவர்கள் பிழைப்பில் கை வைப்பது நியாயமா? கட்டணம் இல்லாமல் அவர்கள் இடத்திலேயே இருக்கட்டும்.

மேசைக் கட்டணத்தில் விற்பனைக்கு இத்தனை சதவீதம் என்று போகாதே, ராத்திரி ஒருத்தரும் உண்மைக் கணக்குச் சொல்லமாட்டார்கள். நிலையான தொகை வை. மொத்தச் செலவை 20-ஆல் வகுக்காமல் 16-ஆல் வகு, நாலு பேர் கடைசி நேரத்தில் வரமாட்டார்கள். பக்கத்தில் ஒரு கழிப்பறைக்கு மட்டும் எப்படியாவது ஏற்பாடு செய். அது இல்லையென்றால் பெண்கள் மத்தியானத்திலிருந்து தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பார்கள், ஏழு மணிக்கே மூட்டை கட்டுவார்கள்.

க்யூஆர் அட்டை அவரவருக்குத் தனியாக இருக்கட்டும், பொதுவில் ஒன்று வைத்தால் ராத்திரி சண்டை. வாங்குகிறவர் காட்டுகிற திரையை நம்பாமல் தன் போனில் பணம் விழுந்த சத்தத்தைக் கேட்கச் சொல். 10, 20 ரூபாய்ச் சில்லறை ஆயிரம் ரூபாய்க்காவது கையில் இருக்கட்டும். விலையை எழுதி ஒட்டச் சொல். நம் ஊரில் பாதிப்பேர் விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுவார்கள். விலை போடுவதிலும் உட்கார்ந்து உதவு. ஓலைப்பெட்டி ஒன்றுக்கு ஓலையும் சாயமும் 40, மூன்று மணி நேரக் கூலி 60 வீதம் 180, மேசைக் கட்டணத்தின் பங்கு 15, பை 5. அடக்கமே 240. அதை 150-க்குக் கொடுக்கிற அக்கா தன் கூலியில் பாதியைச் சும்மா கொடுக்கிறாள். பிளாஸ்டிக் பை 2019-லிருந்தே தடை, தின்பண்டத்தைச் செய்தித்தாளில் சுற்றவும் கூடாது. வாழை இலையும் மஞ்சப்பையும் மொத்தமாக நீயே வாங்கி அடக்க விலைக்குக் கொடு.

தெருவை டேப் வைத்து அளந்து, மின்கம்பமும் சாக்கடை மூடியும் எங்கே என்று குறித்து ஒரு படம் போட்டு அனுப்பு. மேசைகளை அதில் வைத்துத் திருப்பி அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் கூட்டாளி