கோர்ஸ் பீஸ் வேற, எக்ஸாம் பீஸ் வேற

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காலேஜ் ரிசல்ட் வந்துட்டா போதும், நம்ம திருநெல்வேலியில வண்ணாரப்பேட்டை, முருகன்குறிச்சி, ஜங்ஷன்னு எந்தப் பக்கம் திரும்பினாலும் 'சிசிஎன்ஏ, ஏடபிள்யூஎஸ், வேலை உறுதி'ன்னு போர்டுதான். சிசிஎன்ஏங்கிறது நெட்வொர்க் வேலைக்கு சிஸ்கோ கம்பெனி கொடுக்குற சர்டிபிகேட், ஏடபிள்யூஎஸ்ங்கிறது இன்டர்நெட் வழியா கம்ப்யூட்டர வாடகைக்கு விடுற அமேசானோட சேவை, அதுக்கும் சர்டிபிகேட் உண்டு. நான் பாளையங்கோட்டையில கம்ப்யூட்டர் சர்வீஸும் நெட்வொர்க் வேலையும் பாக்குறவன், 16 வருசமா இதுதான் எனக்கு சோறு போடுது. அதனால இத வெளிப்படையா சொல்லணும்னு எழுதுறேன்.

எங்க அக்கா ஆலங்குளம் பக்கம் பீடி சுத்துதாவ. அவ மக பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ் முடிச்சிட்டு ஒரு சென்டர்ல சேந்தா, 'சிசிஎன்ஏ சர்டிபிகேட் கோர்ஸ்' 38,000 ரூபாய்னு சொல்லிருக்காங்க. அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, கம்மலையும் ஒரு ஜோடி வளையலையும் அடகு வச்சி கட்டிட்டாவ. நாலு மாசம் கழிச்சி நான் ஊருக்குப் போனப்ப சர்டிபிகேட்ட லேமினேஷன் பண்ணி சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தாவ. எடுத்து வாசிச்சா அது அந்த சென்டர்ல கோர்ஸ் முடிச்சதுக்கு அவங்களே அடிச்சிக் கொடுத்த பேப்பர். சிஸ்கோ கம்பெனியோட பரீட்சைய புள்ள எழுதவே இல்ல. அதுக்கு தனியா பணம் கட்டணும்ங்கதே கடைசி வாரத்துலதான் சொன்னாங்களாம். மடியில சுளவோட உக்காந்திருந்த அக்கா, இலைய வெட்டுறத நிறுத்திட்டு "அப்ப இது என்னதுடா தம்பி"ன்னு கேட்டாவ. எனக்கு சட்டுன்னு பதில் வரல.

சிசிஎன்ஏ எக்ஸாம் பீஸ் 300 டாலர், வரி தனி. நம்ம காசுல 25,000 ரூபாய்க்கு மேல போயிரும். 120 நிமிசம், ஒரே பரீட்சை. பெயிலானா அஞ்சு நாள் கழிச்சி திரும்ப எழுதலாம், ஆனா திரும்பவும் முழு பீஸும் கட்டணும். பாஸ் பண்ணினாலும் 3 வருசத்துக்குத்தான் செல்லும், பொறவு புதுப்பிக்கணும். ஏடபிள்யூஎஸ்ல ஆரம்ப லெவலுக்கு 100 டாலர், அடுத்த அசோசியேட்டுக்கு 150, அதுவும் 3 வருசம்தான். இதெல்லாம் அந்தந்த கம்பெனி வெப்சைட்லயே இருக்குது, மறைச்சி வைக்கிற விசயமே இல்ல, ஆனா நம்ம ஊர்ல பீஸ் கட்டப் போற அம்மா அப்பாகிட்ட யாரும் எடுத்துச் சொல்லுறதில்ல.

புள்ளைய மறுநாள் கடைக்கு கூட்டிட்டு வந்தேன். 192.168.10.0, ஸ்லாஷ் 26ன்னு ஒரு நெட்வொர்க் அட்ரஸ், அதுல எத்தனை கம்ப்யூட்டர் போடலாம்னு கேட்டதும் 62ன்னு டக்குன்னு சொல்லிட்டா. சந்தோசமா இருந்துச்சி. சரின்னு கம்ப்யூட்டர்கள ஒண்ணோட ஒண்ணு இணைக்கிற பழைய நெட்வொர்க் சுவிட்ச் ரெண்ட எடுத்து வச்சி, ஆபீசுக்கு ஒரு விலேன், லேபுக்கு ஒரு விலேன் போடு (ஒரே சுவிட்சுக்குள்ள தனித்தனியா பிரிக்கிற நெட்வொர்க்தான் விலேன்), இந்த சுவிட்ச்ல இருக்க ஆபீஸ் மிஷின் அந்த சுவிட்ச்ல இருக்க ஆபீஸ் மிஷினோட பேசணும்னு சொன்னேன். கை அப்படியே நின்னுட்டு. நாலு மாசத்துல ஒரு சுவிட்ச்ச கூட தொட்டதில்லயாம், டம்ப், அதாவது பரீட்சையில இருந்து கசிஞ்ச கேள்வி பதில் பிடிஎப்தான் மனப்பாடம் பண்ண வச்சிருக்காங்க. டம்ப் படிச்சி எழுதி மாட்டினா சர்டிபிகேட்டையே ரத்து பண்ணிருவாங்க, அது வேற கதை. ரெண்டு சுவிட்சுக்கும் நடுவுல உள்ள போர்ட்ட ட்ரங்க்கா, அதாவது எல்லா விலேனும் ஒரே கேபிள்ல போற மாதிரி, மாத்தணும்னு அவளே கண்டுபிடிக்க அன்னைக்கு சாயங்காலம் ஆயிட்டு, ஆனா அந்த மிஷின் எட்டுதான்னு பாக்குற பிங்குக்கு ரிப்ளை வந்தப்ப அவ முகத்த பாக்கணுமே! இப்ப தினம் ராத்திரி பாக்கெட் ட்ரேசர்ல பழகுறா, அது நெஜ சுவிட்ச் இல்லாமலே நெட்வொர்க் போட்டுப் பழக சிஸ்கோவே சும்மா தர்ற சாப்ட்வேர்தான்.

அதுக்காக சர்டிபிகேட்டே வேண்டாம்னு நான் சொல்ல வரல. சென்னை, பெங்களூர்ல நெட்வொர்க் சப்போர்ட் வேலைக்கு நூறு ரெஸ்யூம் வந்து கெடக்குறப்ப சிசிஎன்ஏன்னு இருந்தா எடுத்துப் பாப்பாங்க, இன்டர்வியூவுக்கு கூப்பிடுவாங்க. அதோட மதிப்பு அந்தக் கதவு வரைக்கும்தான். உள்ள போனா ட்ரங்க் ஏன் போடுறோம்னுதான் கேப்பாங்க. புரோகிராம் எழுதணும்னு ஆசைப்படுற புள்ளைக்கு அந்த 300 டாலரே தேவையில்ல, தென்காசி மத்தளம்பாறையில இருக்க ஜோஹோ சாப்ட்வேர் கம்பெனியில டிகிரியே கேக்காம எடுத்து பயிற்சி கொடுத்த புள்ளைங்க வேலை பாக்காங்க. காலேஜ்ல படிக்கிறவங்களுக்கு 2022ல தமிழ்நாடு அரசு ஆரம்பிச்ச நான் முதல்வன் பயிற்சித் திட்டம் இருக்கு, ஐஐடி வாத்தியார்மார் ஆன்லைன்ல நடத்துற என்பிடிஇஎல் பாடம் இருக்கு, அதுல பாடம் கேக்க காசு கெடையாது, பரீட்சை எழுதினாதான் பீஸ். முதல்ல இதுல ஒண்ண முடிச்சிப் பாக்கட்டும், புள்ளைக்கு இந்த வேலை பிடிக்கா இல்லயான்னு ரெண்டே மாசத்துல தெரிஞ்சிரும், பொறவு நகைய அடகு வைக்க எடுத்தா போதும்.

சென்டர் நடத்துறவங்களுக்கு ஒரு கோரிக்கை. உங்ககிட்ட நல்லா சொல்லிக் கொடுக்குற வாத்தியார்மாரும் இருக்காங்க, எனக்கே தெரியும். ரசீதுலயும் போர்டுலயும் கோர்ஸ் பீஸ் இவ்வளவு, எக்ஸாம் பீஸ் இவ்வளவு, நாங்க கொடுக்கிறது எங்க சர்டிபிகேட், கம்பெனி சர்டிபிகேட் பரீட்சை எழுதினாதான் கெடைக்கும்னு தமிழ்ல போடுங்க. ஆசிரியர் அவர்களே, உங்க பேப்பர்லதான் இந்த சென்டர் விளம்பரமும் வருது, அதுலயும் எக்ஸாம் பீஸ தனியா போடச் சொல்லி நீங்களும் கேக்கணும்.

அக்கா அந்த லேமினேஷன இன்னும் எடுக்கல. கம்மல் அடகுலதான் இருக்குது. புள்ள அடுத்த மாசம் என் கடைக்கு வேலைக்கு வாறா, சம்பளத்த சேத்து வச்சி எக்ஸாம் பீஸ தானே கட்டுதேன்னு சொல்லிருக்கா.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை.