எல்லோருக்கும் முதல் ஐந்து நிமிடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்துப் பத்து நாளாகிறது. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் யாராவது கிளாரினெட் பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறார்கள். முழங்கால் வலி குறைந்து நீ பழையபடி நடக்கிறாய் என்று படித்ததும் மனசு லேசாயிற்று. நான் நலம். கண்ணாடி மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. ஸ்டாண்டில் இருக்கும் நோட்ஸ் மங்கலாகத் தெரிந்தது.

நீ கேட்ட கேள்வி எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘அரிச்சுவடி படிப்பவரும் கச்சேரி வாசிப்பவரும் அடுத்தடுத்து வருகிறார்களே, எப்படித்தான் சமாளிக்கிறாய்?’ என்று கேட்டிருந்தாய். ஆரம்பத்தில் நானும் மூன்று நிலைக்கு மூன்று நோட்டுப் புத்தகம் போட்டு வைத்திருந்தேன். இப்போது இருப்பது ஒன்றுதான். அது எப்படி ஒன்றானது என்று சொன்னால் உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

என்னிடம் 9 வயதுச் சிறுமி ஒருத்தி வருகிறாள். விரல்கள் இன்னும் சின்னவை, துளைகளைச் சிரமப்பட்டுத்தான் மூடுவாள். முக்கால் கிலோவுக்கு மேல் கனக்கும் குழலை வலது கட்டைவிரல் ஒன்றே தாங்க வேண்டியிருப்பதால், கழுத்தில் பட்டை மாட்டிக்கொண்டுதான் வாசிப்பாள். கீழ் ஸ்வரங்களிலிருந்து மேல் ஸ்வரங்களுக்குத் தாண்டும் இடமான அந்த ‘பிரேக்’ அவளுக்கு வந்தது. உனக்கு மறந்திருக்காது, நாம் இருவரும் மாதக்கணக்கில் அங்கேதானே சிக்கிக் கிடந்தோம்! ‘ஏ’ என்ற மேற்கத்திய ஸ்வரத்தை வாசிக்க இடது ஆள்காட்டி விரல் ஒன்று போதும். அடுத்த படியான ‘பி’க்குப் போகும்போது ஏறக்குறைய எல்லா விரல்களும் ஒரே நொடியில் வந்து அமர வேண்டும். ஒரு துளை மயிரிழை திறந்திருந்தாலும் கீச்சென்று கத்திவிடும். இரண்டு முறை கத்தியதும் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

நான் அந்தப் பாடத்தையே விட்டுவிட்டேன். எல்லாத் துளைகளையும் மூடி, அடியில் இருக்கும் ‘ஈ’யை மட்டும் நிதானமாக ஊதச் சொன்னேன். ஒலி ஆழமாக, நேராக வந்தது. ஊதிக்கொண்டே இருக்கும்போது பக்கத்தில் இருந்து கையை நீட்டி, அவள் இடது கட்டைவிரலுக்கு மேலே இருக்கும் ரிஜிஸ்டர் கீயை நானே அழுத்திவிட்டேன். குழல் சட்டென்று மேலே தாவி அந்த ‘பி’யைப் பாடியது. அவள் உதடும் மாறவில்லை, மூச்சும் மாறவில்லை. ஊதுவதை நிறுத்தாமலேயே கண்களை அகல விரித்து என்னைப் பார்த்தாள். நூறு முறை பார்த்துவிட்டேன் அந்தப் பார்வையை, எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

புல்லாங்குழலும் சாக்ஸபோனும் மேலே தாவினால் ஒரு ஸ்தாயி, அதாவது 12 அரைச்சுரம், தாவும். கிளாரினெட் அப்படியல்ல. அது உருளைக் குழாய், ஊதும்போது அதிரும் நாணல் பட்டையான ரீட் இருக்கும் முனை மூடிய முனை போல நடந்துகொள்கிறது. அதனால் 19 அரைச்சுரம் தள்ளிப் போய்த்தான் நிற்கும். கீழே ஒரு பெயர், மேலே அதே விரல் அமைப்புக்கு வேறு பெயர். புதிதாக வருபவர்கள் திணறுவது இதில்தான். ஆனால் கீழே ஊதிய மூச்சு நன்றாக இருந்தால் மேலே தனியாக எதுவும் செய்ய வேண்டாம். இதை அந்தச் சிறுமிக்குச் சொன்ன அதே வாரம், மூத்த மாணவி ஒருத்திக்கும் சொல்ல வேண்டி வந்தது.

அவள் தேர்வுக்காக மொஸார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவைத் தயார் செய்கிறாள். 1791இல், தன் கடைசி ஆண்டில், கிளாரினெட் வித்வானான நண்பர் அன்டன் ஸ்டாட்லருக்காக மொஸார்ட் எழுதியது. வேகமான பகுதிகளில் அவள் விரல் ஓட்டத்தைக் கேட்டால் நீ கைதட்டுவாய். நடுவில் வரும் மெதுவான பகுதியில், தொடக்க மெட்டு மிக மென்மையாகத் திரும்பி வரும் இடத்தில் மட்டும் ஒலி நடுங்கி, சுருதி லேசாக ஏறியது. நாலு முறை வாசித்தாள், நாலு முறையும் அப்படித்தான்.

அந்தக் கான்செர்ட்டோவுக்கான ‘ஏ’ கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டு, வழக்கமாக வாசிக்கும் ‘பி ஃப்ளாட்’ கிளாரினெட்டில் வாயில் வைக்கும் மவுத்பீஸையும் அதை அடுத்த குட்டைத் துண்டான பேரலையும் மட்டும் கழற்றி ஊதச் சொன்னேன். சுருதி காட்டும் ட்யூனரில் ‘எஃப் ஷார்ப்’ வர வேண்டும். அவளுக்கு அதற்கு மேலே இருக்கும் ‘ஜி’யை ஒட்டி வந்தது. அதாவது, பல்லால் கடிக்கிறாள், அதில்தான் சுருதி ஏறுகிறது. முந்தின நாள் அந்தச் சிறுமி ஊதியபோது முள் ‘எஃப் ஷார்ப்’பிலேயே நின்றது, நண்பா! மூத்தவளுக்கு முகம் சிவந்துவிட்டது. அன்று கான்செர்ட்டோவை மூடிவைத்துவிட்டு அடி ‘ஈ’யை மட்டும் ஊதினோம், அவளும் நானும், மாறி மாறி, அரை மணி நேரம்.

அன்றைக்குத்தான் மூன்று நோட்டும் ஒன்றானது. இப்போது யார் வந்தாலும் முதல் ஐந்து நிமிடம் ஒன்றேதான். அடி ஸ்வரங்கள், ஒரே மூச்சு, கூடவே நானும் ஊதுவேன். அதைக் கேட்டாலே அன்றைக்கு அவருக்கு எது வேண்டும் என்று தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் ஆளுக்கு ஆள் பாடம் மாறும்.

63 வயதில் கற்க வந்தவர் ஒருவர் இருக்கிறார். மேல்வரிசை கட்டுப்பல். மவுத்பீஸ் பட்டதும் அது அசைகிறது என்று கூச்சப்பட்டு, இரண்டாம் வகுப்பிலேயே நின்றுவிடப் பார்த்தார். மேலுதட்டையும் பல்லுக்கு மேல் மடித்து, இரண்டு உதடுகளால் பிடிக்கச் சொன்னேன். கடித்தால் சொந்த உதடே வலிக்கும், அதனால் கடிக்கவே முடியாது. ரிச்சர்ட் ஸ்டோல்ட்ஸ்மன் போன்ற பெரிய வித்வான்களே அப்படி வாசித்தவர்கள்தான் என்று சொன்னதும் அவர் முதுகு நிமிர்ந்தது. இப்போது என்னிடம் வருபவர்களில் ஒலி மிக அழகாக இருப்பது அவருக்குத்தான்.

ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பல வருடம் முன்பு ஒரு பையன், நல்ல காது. இரண்டாம் எண் ரீடில் சுகமாக ஊதிக்கொண்டிருந்தவனை, முன்னேற்றம் தெரியட்டும் என்று அவசரப்பட்டு அதைவிடக் கடினமான மூன்றாம் எண்ணுக்கு மாற்றினேன். ஒலி வராததால் கடித்தான், கீழுதட்டின் உட்புறம் புண்ணானது, பிறகு வருவதையே நிறுத்திவிட்டான். எண் கூடுவது வளர்ச்சி என்று நினைத்தது என் தவறு. ரீட் மாற்றும்போதெல்லாம் அவன் நினைவு வரும். இப்போது அரை எண் ஏற்றுவதற்குக்கூட வாரக்கணக்கில் யோசிக்கிறேன்.

உன் குழல் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது என்று எழுதியிருந்தாய். பொருத்து முனைகளில் இருக்கும் கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும், கொஞ்சம் கிரீஸ் தடவாமல் மாட்டாதே. பழைய ரீடைத் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டாம் எண்ணில் புதிதாக ஒன்று வாங்கு. குழலின் மரம் இத்தனை வருடம் மூச்சு படாமல் இருந்திருக்கிறது. முதல் வாரம் தினம் பத்து நிமிடத்துக்கு மேல் ஊதாதே, இல்லாவிட்டால் வெடிப்பு விடலாம். ஊதி முடித்ததும் உள்ளே துணி விட்டுத் துடைத்து வை.

அடி ‘ஈ’யில் ஆரம்பி. எப்படி வந்தது என்று அப்படியே எழுது, கீச்சிட்டாலும் மறைக்காதே. அடுத்த முறை வரும்போது குழலையும் எடுத்து வா.

அன்புடன்,
உன் பழைய நண்பன்