டிராகன் கணக்கு

கண்ணு,

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கு நீ எழுதி அனுப்பிய சாகசத்தைப் படித்து முடித்தேன். கணக்கை மட்டும் பாரும்மா, கதையைப் பற்றி ஒன்றும் சொல்லாதே என்று எழுதியிருந்தாய். சரி. மெயில் விடியற்காலை மூன்றரைக்கு வந்திருக்கிறது. அதைப் பற்றியும் நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஏழாம் பக்கத்தில் வளர்ந்த சிவப்பு டிராகனுக்கு ஹிட் பாயின்ட், அதாவது எவ்வளவு அடி தாங்கும் என்கிற கணக்கு, 265 என்று போட்டிருக்கிறாய். புத்தகத்தில் 256. தம்பிதான் இலக்கத்தை மாற்றி மாற்றிப் போடுவான். நீ போட்டு நான் பார்த்ததில்லை. தூக்கக் கலக்கமாக இருக்கும்.

அடுத்தது பெரியது. டிராகனோடு மோதப் போகிற உன் நாலு பேரும் ஐந்தாம் லெவல். 2014 விதிப்படி அப்படி நாலு பேருக்கு 'உயிருக்கே ஆபத்து' என்கிற கோடு 4,400 அனுபவ பாயின்ட்டில் விழுகிறது. உன் டிராகன் தனியாகவே 18,000. நாலு மடங்குக்கும் மேல். ஆட்டத்தை நடத்துகிற டிஎம் நீ, தெரியாமல் வைத்திருக்க மாட்டாய். இருந்தாலும் அது ஒரு தடவை நெருப்பு ஊதினால் என்ன ஆகும் என்று உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். ஆறு முக டைஸ் பதினெட்டு, சராசரி 63. உன் மந்திரக்காரிக்கு 32 ஹிட் பாயின்ட். விலகித் தப்ப அவளுக்கு இருபது முக டைஸில் 19 அல்லது 20 விழ வேண்டும். விழுந்தால் பாதி அடி, 31. ஒரே ஒரு பாயின்ட்டோடு நிற்பாள். விழாவிட்டால் 63-ம் முழுசாக இறங்கும். 32 போக மிச்சம் 31. அந்த மிச்சம் அவளுடைய முழு ஹிட் பாயின்ட்டான 32 ஆகிவிட்டால் விதிப்படி அங்கேயே சாவு, பிழைப்பாளா என்று உருட்டிப் பார்க்கிற வாய்ப்புகூடக் கிடையாது. அதாவது சராசரியைவிட ஒன்று அதிகமாக விழுந்தால் போதும். கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. அதுவும் முதல் சுற்றிலேயே, அந்தப் பெண் கையைத் தூக்குவதற்கு முன்னால்.

இதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மலையேறுகிற வழியில் நாலு பேரையும் தூங்கவே விடாமல் மூன்றாம் படி சோர்வுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறாயே, அது எதற்கு? அந்தப் படிக்கு வந்துவிட்டால் தப்பிக்க இரண்டு டைஸ் உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். இரண்டிலுமே 19-க்குக் குறையக் கூடாது. தூங்கி எழுந்து வந்திருந்தால் நூற்றுக்குப் பத்து தப்புவாள். தூங்காததால் நூற்றுக்கு ஒன்று. பத்து ஒன்றாகிவிட்டது கண்ணு, தூக்கத்தினால் மட்டும். நீண்ட ஓய்வு ஒன்று எடுத்தால் ஒரு படி இறங்கும் என்று உன் புத்தகத்திலேயே இருக்கிறது. எட்டு மணி நேரம். கொஞ்சமாவது சாப்பிட்டு, தண்ணீர் குடித்திருந்தால்தான் அந்த ஓய்வு கணக்கில் சேரும், அதுவும் அதிலேயே இருக்கிறது. நான் சொல்லவில்லை.

எழுத்தைக் குறை சொல்ல மாட்டேன். டிராகன் வாய் திறப்பதற்கு முன்னால் குகைக்குள் காற்று உள்ளிழுபடுகிற இடத்தை மாடி வீட்டு டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். என்ன ஆட்டம், யார் விளையாடுகிறார்கள் என்று அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் 'உங்க பொண்ணா எழுதினா?' என்று இரண்டு தடவை கேட்டார். 1974-ல் அமெரிக்காவில் வந்த ஆட்டம், செவ்வாய்ப்பேட்டை மாமாவைவிட வயதில் சின்னது என்று சொல்லி வைத்தேன். ஆனால் ஒன்று, டிராகனைக் கொண்டுபோய் சேர்வராயன் கோயில் குகையிலா வைப்பாய்? பெயரை மாற்றிவிட்டால் எனக்குத் தெரியாதா? உள்ளே ஆணும் பெண்ணுமாக இரண்டு சிலை, அடியில் காவிரிக்குப் போகிற வழி என்றெல்லாம் அப்படியே எழுதியிருக்கிறாய். மே மாதத் திருவிழாவுக்கு உன்னைத் தோளில் தூக்கிப்போன இடம். கரடிக் குகைக்காவது மாற்று.

பெரிய எதிரியை வைக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. ஜெயிக்கவே முடியாதது ஒன்று அந்த ஊரில் இருந்தால்தான் அது உலகம், எல்லாம் நம் லெவலுக்குத் தகுந்தாற்போல் வந்து நின்றால் அது பரீட்சைத்தாள் என்று ஊரடங்கு சமயத்தில் நீதான் சொன்னாய். கூடத்தில் பாய் விரித்து எல்லாரையும் உட்கார வைத்து ஆடியபோது முதல் லெவலிலேயே எங்கள் முன்னால் ஓகர் என்கிற பெரிய அரக்கனைக் கொண்டுவந்து நிறுத்தினாய். 59 ஹிட் பாயின்ட். மாமா கத்தியை உருவிவிட்டார். ஆனால் நீ அதற்கு முன்னாலேயே உடைந்த மாட்டு வண்டியைக் காட்டியிருந்தாய், கடித்துப் போட்ட எலும்பைக் காட்டியிருந்தாய், ஓகர் மோப்பம் பிடிக்கிறது என்று இரண்டு தடவை சொன்னாய். அதனால்தான் நான் கட்டுச்சோற்றைத் தூக்கி எறிந்தேன். அது நின்று தின்றது, நாங்கள் ஓடினோம். 1981 விதியிலேயே இது இருக்கிறது, புத்தியில்லாத மிருகம் துரத்தினால் சாப்பாட்டைப் போடு, புத்தியுள்ளது என்றால் பொன்னைப் போடு என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய். மாமா இன்னும் அந்தக் கட்டுச்சோற்றைச் சொல்லிச் சிரிக்கிறார்.

ஏற்காட்டில் காட்டெருமை ரோட்டில் நின்றால் என்ன செய்வோம்? அப்பா வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுவார். அது காப்பித் தோட்டத்துக்குள் இறங்குகிற வரைக்கும் யாரும் வாய் திறக்க மாட்டோம். அதை யாரும் தோல்வி என்று சொன்னதில்லை. உன் டிராகனிடம் அப்படிக் காத்திருக்க இடம் இல்லை. அது சுற்றுக்கு 80 அடி பறக்கிறது. மனுஷன் 30 அடி, விழுந்தடித்து ஓடினால் 60. இருபது கொண்டை ஊசி வளைவையும் அவர்கள் சுற்றி இறங்குவதற்குள் அது நேராக வந்து நின்றுவிடும். வெறும் காலால் தப்ப முடியாது என்று தெரிந்தால் வேறு வழியை டிஎம்தான் வைக்க வேண்டும். அவ்வளவு பெரிய உடம்பு நுழைய முடியாத ஒரு சந்து வை. அதற்கு என்ன வேண்டும் என்று பேச விடு. சிவப்பு டிராகனுக்குப் பேராசையும் கர்வமும்தானே, நாலு பேர் காலில் விழுந்து புகழ்ந்தால் கேட்காதா? அதைக் கொல்லுவது வேலையாக இல்லாமல், அது தூங்கும்போது ஒரு பொருளை எடுத்து வருவது வேலையாக இருக்கட்டும். நீ முன்னால் எழுதியதில் எல்லாம் ஏதாவது ஒரு கதவு இருந்தது. இதில் தேடிப் பார்த்தேன். பாலத்தை உடைத்துவிட்டாய். ஊர்க்காரர்கள் கதவைச் சாத்திவிட்டார்கள். நாலு பேரில் ஒருத்திகூட வீட்டுக்கு ஆள் அனுப்புவதில்லை.

தம்பி விஷயம் எழுத நினைத்தேன், அப்புறம் எழுதுகிறேன். இமாம் பசந்து முடியப் போகிறது. பெங்களூரிலிருந்து நாலு மணி நேரம்தான், பொங்கலுக்கு வந்தவள் இன்னும் வரவில்லை. போனில் 'ம்', 'மீட்டிங்', 'அப்புறம் பேசறேன்'. சரி, வேலை இருக்கும். உன் வயதில் நானும் அப்படித்தான் இருந்தேனாம், அம்மாப்பேட்டை அத்தை சொல்கிறார். நான் அப்படி இல்லை.

நாலு பேரையும் மலைக்கு அனுப்புகிற அந்தக் குழுத் தலைவனைத்தான் மறுபடியும் மறுபடியும் படித்தேன். டிராகனைவிட அவனை நன்றாக எழுதியிருக்கிறாய். சிரித்துக்கொண்டே பேசுகிறான், 'நம்ம குடும்பம்' என்கிறான், நடுராத்திரியில் ஆள் அனுப்பிக் கூப்பிடுகிறான். இவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டதால் விலக முடியாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எங்கே கையெழுத்துப் போட்டார்கள், எத்தனை வருஷத்துக்கு, விலகினால் என்ன செய்வான், ஒன்றும் இல்லை. ஆடுகிறவர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். நான் கேட்பேன். அந்த ஒப்பந்தத்தை முழுசாக எழுது, ஒவ்வொரு வரியாக. பணம் கட்டிவிட்டுப் போகலாம் என்று இருந்தால் தொகையை இலக்கத்தில் போடு. 'பெரிய தொகை' என்று எழுதினால் எனக்குக் கணக்குப் பார்க்க வராது. மாமாவிடம் கொடுத்து வைத்திருப்பது அப்படியே இருக்கிறது, அப்பாவுக்கும் நான் சொல்லிவிட்டேன், அவர் ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. தொகையை மட்டும் எழுது.

அம்மா